உஷார்! கிரியேட்டினின் இறங்கியதும் கிட்னியை மறந்துவிடாதீர்கள்

பாம்பு கடித்தோ, எலிக்காய்ச்சல் வந்தோ, வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போயோ கிட்னி நின்று, நாலைந்து டயாலிசிஸ் போட்டுப் பிழைத்து வந்தவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? தெருவில் இருக்கிறாரா? இருந்தால் இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். "கிரியேட்டினின் நார்மலுக்கு வந்துடுச்சு, இனிமே பயமில்ல" என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமே திரும்பாமல் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கிரியேட்டினின் வந்திருக்கலாம். பயமில்லை என்பது மட்டும் உண்மையில்லை.

ரத்தத்தில் அந்த எண் இறங்குவது வேறு, கிட்னியின் உள்சதை ஆறுவது வேறு. எண் பத்துப் பதினைந்து நாளில் இறங்கிவிடும். சதை ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு அது ஆறாமலே தழும்பாகிவிடுகிறது. அந்தத் தழும்பு வலிக்காது, வீங்காது, வெளியே தெரியாது. ஐந்தாறு வருஷம் கழித்துக் கால் வீங்கி, மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனால், "ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சே, முன்னாடி ஏதாவது வந்துச்சா?" என்று டாக்டர் கேட்பார். அப்போதுதான் பழைய பாம்புக்கடி ஞாபகம் வரும்.

மங்கலம்பேட்டைக்காரர்களுக்கு இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், உளுந்தூர்பேட்டைக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் உள்ள இந்தப் பகுதியில் கிட்னியை ஒரே நாளில் சாய்க்கக்கூடிய காரணங்கள் எல்லாமே கூடியிருக்கின்றன. நெல், கரும்பு, மல்லாட்டை, கொஞ்சம் தள்ளிப் போனால் முந்திரிக்காடு. முந்திரிச் சருகுக்கும் கண்ணாடிவிரியன் உடம்புக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாது. கொட்டை பொறுக்கக் குனிகிற கைக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. ராத்திரி த்ரீ ஃபேஸ் கரண்ட் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட வரப்பில் செருப்பில்லாமல் நடப்பவர்கள் எத்தனை பேர்! நடவு வயலில் எலி மூத்திரம் கலந்த சேற்றில் காலில் வெடிப்போடு நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல். புதர் வெட்டப் போனவர்களுக்கு ஒட்டுண்ணிக் கடியால் வருகிற உண்ணிக்காய்ச்சல். அக்குளிலோ தொடை இடுக்கிலோ கருகிய ஒரு சிறு பொருக்கு இருக்கும், யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். சித்திரை வெயிலில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இதில் பாம்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கிட்னியை அவ்வளவு வேகமாகவும் அவ்வளவு ஆழமாகவும் தாக்குவது அதுதான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்கு சராசரி 58,000 பேர். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாக்கியது. எந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் அரசுக்குத் தகவல் போக வேண்டும். நல்ல காரியம். ஆனால் கடிபட்டதும் செத்ததும் ஏட்டில் ஏறுகிற மாதிரி, பிழைத்து வீட்டுக்கு வந்தவரின் கிட்னி மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்பது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. நாம்தான் அதைக் கவனிக்க வேண்டும்.

கண்ணாடிவிரியன் விஷம் ரத்தத்தில் கலந்ததும் உறைய வைக்கும் பொருள்களையெல்லாம் தீர்த்துவிடுகிறது. கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிஷம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். தாலுகா ஆஸ்பத்திரியில்கூடச் செய்யக்கூடிய சோதனை இது. இந்த விஷத்தால் ரத்த அழுத்தம் சரிகிறது, நுண்ணிய ரத்தக் குழாய்களில் உறைகட்டிகள் அடைக்கின்றன, உடைந்த ரத்த அணுக்களின் சாயமும் சிதைந்த தசையின் சாயமும் கிட்னியில் போய்த் தேங்குகின்றன. போதாததற்கு விஷமே நேரடியாகவும் தாக்குகிறது. மூத்திரம் கறுத்து வரும், குறையும், நிற்கும். விஷமுறிவு ஊசி ரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கும். ஏற்கெனவே செத்துப்போன கிட்னிச் செல்லை அதனால் எழுப்ப முடியாது. அதனால்தான் கட்டுப்போட்டு, கீறிவிட்டு, பச்சிலை அரைத்து, மந்திரித்து என்று கடத்துகிற ஒவ்வொரு மணி நேரமும் கிட்னியில் கழிகிறது. கடிபட்ட காலை அசைக்காமல் 108-ல் ஏற்றுங்கள். அவ்வளவுதான் முதலுதவி.

இனி சதைக்குள் நடப்பதைப் பார்ப்போம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொரு வடிகட்டிக்கும் பின்னால் வளைந்து வளைந்து போகும் ஒரு நுண்குழாய். அந்தக் குழாயின் உட்சுவரில் ஒற்றை வரிசையாகச் செல்கள். அவற்றின் மேல் நெருக்கமாக மயிரிழைகள் நிற்கும். வடிந்த நீரில் உடம்புக்கு வேண்டியதைத் திருப்பி உறிஞ்சுவது அவைதான். அடிபட்டதும் முதலில் அந்த மயிரிழைகள் உதிர்கின்றன. பிறகு செல்களே பெயர்ந்து விழுந்து குழாயை அடைக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர்கள் டேட்டும் சாஸ்திரியும் கண்ணாடிவிரியன் கடித்தவர்களின் கிட்னித் துணுக்குகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 1982-லேயே எழுதினார்கள். செத்த செல்கள், செல் உதிர்ந்து மொட்டையாக நிற்கும் அடித்தளம், சிதைந்த சின்ன ரத்தக் குழாய்கள் எல்லாம் அதில் இருந்தன. நம் மண்ணில், நம் ஆட்களிடம் எடுத்த சதையில் கண்டது அது. நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தச் சேதி ஊருக்குள் வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

உதிர்ந்த இடத்தை நிரப்புவது பக்கத்தில் உயிரோடு மிச்சமிருக்கும் செல்கள்தான். அவை தங்கள் வழக்கமான வேலையை நிறுத்திவிட்டு, தட்டையாகப் படுத்து, வெற்றிடத்தின் மேல் பரவி, இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. இந்த நேரத்தில் அவற்றுக்குள் சில புரதங்கள் புதிதாகத் தோன்றும். ஆரோக்கியமான கிட்னிக் குழாயில் இவை இருக்கவே இருக்காது, அல்லது தேடினால்தான் கிடைக்கும். கிம்-1 என்று ஒன்று; 1998-ல் ஹார்வர்டில் ஜோசப் பான்வென்ட்ரேயின் ஆய்வகம் கண்டுபிடித்தது. இது வந்த செல் பக்கத்தில் செத்துக் கிடக்கும் செல்லை விழுங்கிச் சுத்தம் செய்கிறது. விமென்டின் என்று ஒன்று. செல் பரவி நகர்வதற்கான கட்டுமானம். சாக்ஸ்-9 என்று ஒன்று. ஆறும் வேலையை முடுக்கிவிடுவது. கேஐ-67 என்று ஒன்று. பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் மட்டும் தெரியும். நோயியல் நிபுணர் சதைத் துணுக்கில் இதற்கான சாயம் ஏற்றிப் பார்த்தால், நீல உட்கருக்களுக்கு நடுவில் அங்கங்கே பழுப்பு உட்கருக்கள் நிற்கும். அவை பெருகிக்கொண்டிருக்கும் செல்கள்.

இந்த அடையாளங்கள் தோன்றுவது நல்ல செய்தி. ஆனால் சரியான நேரத்தில் அவை மறைந்தும் போக வேண்டும்! குழாய் மூடியதும் செல் பழையபடி நிமிர்ந்து, மயிரிழை முளைத்து, கிம்-1, சாக்ஸ்-9 எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினால்தான் ஆறியது என்று பொருள். அமெரிக்காவில் சீடர்ஸ்-சைனாய் ஆய்வாளர்கள் 2024-ல் சயன்ஸ் இதழில் இதைத்தான் காட்டினார்கள். ஒரே கிட்னியில், பக்கத்துப் பக்கத்துச் செல்களில், சாக்ஸ்-9-ஐ அணைத்த செல் முழுதாக ஆறியது. அணைக்க முடியாமல் தொடர்ந்து எரிய விட்ட செல் தன்னைச் சுற்றித் தழும்பை இழுத்துக்கொண்டது.

பான்வென்ட்ரே குழு 2010-லேயே எலிகளில் இன்னொன்றைக் கண்டிருந்தது. கடுமையாக அடிபட்ட செல்களில் ஒரு பகுதி, பிரிவதற்கு முந்திய கட்டத்திலேயே மாட்டிக்கொள்கிறது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. மாட்டிக்கொண்ட செல் சும்மா இருப்பதில்லை. தழும்பு உண்டாக்கச் சொல்லும் ரசாயனங்களைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அதைக் கேட்டுச் சுற்றியுள்ள செல்கள் நார் நாராக நெய்கின்றன. அந்த நாரை டிரைக்ரோம் சாயம் நீலமாகக் காட்டும். குழாய்களுக்கு நடுவில் ரத்தம் கொண்டு வரும் நுண்நாளங்கள் குறைந்துபோகின்றன. ரத்தம் குறைந்த இடத்தில் மேலும் செல்கள் சாகின்றன. விஷம் போய் வருஷமாகியும் நோய் தானாக நடக்கும் வழி இது.

விரியன் கடியில் இன்னும் மோசமான ஒன்றும் உண்டு. சிலருக்குக் கிட்னியின் வெளிப்பட்டையே ரத்தமின்றி மொத்தமாகச் செத்துவிடும். அங்கே பெருகுவதற்கு மிச்சச் செல் இல்லை, ஆறுவதற்கு எதுவும் இல்லை. மனிதனுக்குப் பிறந்த பிறகு புது வடிகட்டி ஒன்றுகூட முளைக்காது. இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

இப்போது கிரியேட்டினினுக்கு வருவோம். ஏன் அந்த எண் நம்மை ஏமாற்றுகிறது? பாதி வடிகட்டிகள் போனாலும் மீதிப் பாதி இரட்டை வேலை செய்து ரத்தத்தைச் சுத்தம் செய்துவிடும். எண் நார்மலுக்குப் பக்கத்திலேயே நிற்கும். தவிர கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. மூன்று வாரம் ஐ.சி.யு.வில் படுத்துத் தசை கரைந்து எலும்பும் தோலுமாக வந்தவருக்குக் கிரியேட்டினின் உற்பத்தியே குறைவு. அவருக்கு எண் குறைந்ததில் கிட்னியின் பங்கு எவ்வளவு, இளைத்துப்போனதன் பங்கு எவ்வளவு என்று அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். 50 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.2 என்றால், இப்போது டாக்டர்கள் பயன்படுத்தும் 2021 சூத்திரப்படி வடிகட்டும் திறன் 73-க்குப் பக்கம் வரும். அதே 50 வயதில் ஒரு பெண்ணுக்கு அதே 1.2 என்றால் திறன் சுமார் 55. அறுபதுக்குக் கீழே மூன்று மாதம் தொடர்ந்தால் நாள்பட்ட கிட்னி நோய் என்று பெயர். ஆண், பெண் என்று பிரிக்காமல் 1.4 வரை நார்மல் என்று அச்சடித்த லேப் சீட்டைப் பார்த்து நம் அக்கா, அத்தைமார்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கிற, புடவைக்குள் நாற்பத்தைந்து கிலோகூட இல்லாத பெண்களுக்கு 1.2 என்பது நார்மல் இல்லை. சீட்டில் கிரியேட்டினின் மட்டும் இருந்தால், பக்கத்தில் இ.ஜி.எஃப்.ஆர், அதாவது வடிகட்டும் திறன், எவ்வளவு என்று கேளுங்கள்.

பிழைத்தவர்களில் எத்தனை பேருக்குப் பாதிப்பு தங்குகிறது? இலங்கையிலும் பாம்புக்கடி நமக்குள்ள அதே தலைவலிதான். அங்கே பாம்புக்கடியால் கிட்னி அடிபட்டுப் பிழைத்தவர்களை ஒரு வருஷத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நாள்பட்ட கிட்னி நோய் வந்திருந்தது. புதுச்சேரி ஜிப்மர் சிறுநீரகவியல் துறையினரும் 2020-ல் இப்படிப்பட்ட ஆய்வை வெளியிட்டார்கள். பிழைத்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பாதிப்பு நீடித்தது. நம் பக்கத்து ஆட்கள் ஆபத்தான நிலையில் இருப்பவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆஸ்பத்திரி ஜிப்மர்தான். பலர் முழுதாகக் குணமாகிறார்கள், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் குணமான இருவர் யார், மாட்டிக்கொண்ட ஒருவர் யார் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. சோதித்தால்தான் தெரியும்.

சோதிக்காமல் விட்டால் என்ன ஆகிறது என்பதை நம் ஊர் மெடிக்கல் கடை வாசலில் ஒரு சாயங்காலம் நின்றால் பார்க்கலாம். கரும்பு வெட்டிவிட்டு வருகிறவர் பத்து ரூபாயை நீட்டி, "தம்பி, உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுப்பா" என்பார். கடைக்காரத் தம்பி என்ன வியாதி, முன்னால் என்ன வந்தது என்று கேட்கமாட்டார். நாலு மாத்திரையைச் சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார். அட்டையிலிருந்து வெட்டி எடுத்த மாத்திரை, பேர் தெரியாது. அதில் ஒன்று டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக். இன்னொன்று பல நேரம் ஸ்டீராய்டு. "ராத்திரி சாப்பிட்டுப் போட்டுக்குங்க அண்ணே." வலி போய்விடும். மறுநாளும் வருவார்.

கிட்னிக்கு ரத்தம் போகும் வாசல் குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் அதைத்தான் நிறுத்துகின்றன. நல்ல கிட்னி ஒரு நாள் இரண்டு நாள் தாங்கும். வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றிய நேரத்தில், ஏற்கெனவே நுண்நாளங்கள் குறைந்துபோன கிட்னியில், அந்த வாசலையும் சுருக்கினால் பாதி ஆறிய செல்கள் இரண்டாம் முறை அடிபடுகின்றன. கை ஒடிந்து கட்டுப் பிரித்த அன்றைக்கே அந்தக் கையில் கரும்புக் கட்டைத் தூக்கச் சொல்வோமா? கிட்னியிடம் மட்டும் அதைத்தான் செய்கிறோம், ஏனென்றால் அதன் கட்டு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாம்புக்கடியிலிருந்து எழுந்தவர் மூன்றாம் வாரம் முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பச்சிலையைப் பற்றிச் சொன்னால் கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் கேட்டுவிடுங்கள். பாம்புக்கடிக்கு நம் பக்கத்தில் வழிவழியாகக் கொடுத்துவந்த செடிகளில் ஆடுதின்னாப்பாளையும் பெருமருந்துக் கொடியும் முக்கியமானவை. பெருமருந்தை ஈசுவரமூலி என்றும் சொல்வார்கள். இரண்டும் அரிஸ்டோலோகியா குடும்பம். இந்தக் குடும்பத்துச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் கிட்னியின் அதே குழாய்ச் செல்களைத்தான் தேடிப் போய்க் கொல்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைப்பதற்கென்று கொடுத்த சீன மூலிகையில் இது கலந்து, நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் கிட்னி தழும்பேறிச் சுருங்கியது. பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. நான் மேலே சொன்ன 2010 ஆய்வில், செல்களைப் பாதியில் மாட்டிக்கொள்ள வைக்கப் பயன்படுத்தியவற்றில் ஒன்று இந்த அமிலமேதான். விரியன் கடித்த கிட்னிக்கு மேல் இதையும் கொடுத்தால் என்ன மிஞ்சும்? கடித்த அன்றும் வேண்டாம், பிழைத்த பிறகு "விஷம் முறிய" என்று ஒரு மண்டலமும் வேண்டாம்.

வெயிலையும் விட முடியாது. தமிழ்நாட்டில் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்து 2025-ல் வெளிவந்த ஆய்வில், ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு நாள்பட்ட கிட்னி நோய் இருந்தது. அவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. தண்ணீர் இல்லாமல் உச்சி வெயிலில் குனிந்து வேலை செய்வதைத்தான் ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். ஒருமுறை அடிபட்ட கிட்னியோடு அதே வெயிலுக்கு மூன்றாம் வாரமே திரும்புகிறவர் நிலைமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூலி போகிறதே என்ற கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் வாரம் மூன்று டயாலிசிஸ் என்று ஆகிவிட்டால் பிறகு கூலி வேலை என்ற பேச்சே கிடையாது. காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் இலவசமாகக் கிடைத்தாலும், போக வர ஆகும் பஸ் செலவும் கூட வருகிறவரின் கூலியும் யார் தருவார்கள்?

கிம்-1, சாக்ஸ்-9 என்று சொன்னவற்றையெல்லாம் விருத்தாசலம் லேபில் போய்க் கேட்காதீர்கள். அவை இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்துக்குரியவை. கிட்னி அடிபட்டதைச் சீக்கிரமே சொல்லும் மூத்திரச் சோதனைகள் வந்துகொண்டிருக்கின்றன. இதய ஆபரேஷன் நடந்த குழந்தைகளின் மூத்திரத்தில் என்கால் என்ற புரதம் இரண்டு மணி நேரத்தில் ஏறுவதையும், கிரியேட்டினின் ஏற ஒன்று முதல் மூன்று நாள் ஆவதையும் பிரசாத் தேவராஜன் குழு 2005-ல் காட்டியது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் அந்தச் சோதனைக்கு 2023 டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது. கண்டுபிடித்ததற்கும் நோயாளிக்கு வந்ததற்கும் நடுவில் பதினெட்டு வருஷம்! ஆறியதா என்று சொல்லும் சோதனை மங்கலம்பேட்டைக்கு வரும்வரை நாம் காத்திருக்க முடியாது.

காத்திருக்கவும் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கக்கூடியவை மூன்று. ரத்தத்தில் கிரியேட்டினின், மூத்திரத்தில் புரதம், ரத்த அழுத்தம். இதில் மூத்திரப் புரதத்தை அலட்சியம் செய்யாதீர்கள். கிட்னி அடிபட்டு மூன்று மாதம் ஆனவர்களில் யாருக்கு நோய் முற்றப்போகிறது என்பதைக் கிரியேட்டினினைவிட மூத்திரத்தில் ஒழுகும் அல்புமின் நன்றாகச் சொல்கிறது என்று 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மூத்திரத்தில் நுரை நின்று தங்குகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அல்புமின் ஒழுகும் அளவைப் பார்க்க யூரின் ஏ.சி.ஆர் என்று எழுதித் தருவார்கள். 30-க்கு மேல் போனால் விடக்கூடாது. ஆரம்பத்தில் பிடித்தால் புரதம் ஒழுகுவதைக் குறைக்கவும் பிரஷரைக் கட்டுப்படுத்தவும் மாத்திரை உண்டு. தமிழக அரசு 2023-லேயே கிட்னி காக்கும் திட்டம் என்று சொல்லி ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூத்திரப் புரதம் பார்க்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கேட்டு வாங்குவது நம் உரிமை.

புரதம் நிற்கவில்லை, எண் இறங்க மறுக்கிறது, மூன்று வாரத்துக்கு மேல் மூத்திரம் சரியாகப் பிரியவில்லை என்றால் கிட்னி டாக்டர் பயாப்சி எடுக்கலாமா என்று யோசிப்பார். பயந்து ஓடிவிடாதீர்கள். முதுகுப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு துணுக்கு எடுப்பார்கள். ரத்தம் உறைகிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்வார்கள். மயிரிழை திரும்ப முளைத்திருக்கிறதா, நீலத் தழும்பு எவ்வளவு, வெளிப்பட்டை உயிரோடு இருக்கிறதா என்பதையெல்லாம் நேரில் சொல்லக்கூடியது அந்தத் துணுக்கு ஒன்றுதான். "கிட்னியை வெட்டி எடுத்துடுவாங்க" என்று ஊரில் பேசிக்கொள்வது வெறும் வதந்தி.

டாக்டர்களிடமும் நர்ஸ் அம்மாக்களிடமும் ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சீட்டில் "ரிவ்யூ அஃப்டர் ஒன் வீக்" என்று எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். இவருக்குக் கிட்னி அடிபட்டது, மூன்று மாதத்தில் கிரியேட்டினினும் மூத்திரப் புரதமும் பார்க்க வேண்டும், வலி மாத்திரை கொடுக்கக் கூடாது என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். அந்தச் சீட்டை மெடிக்கல் கடைத் தம்பியும் படிப்பார், மருமகளும் படிப்பார். கிட்னி அடிபட்டதை ஆங்கிலத்தில் ஏ.கே.ஐ என்று மூன்று எழுத்தில் எழுதியது இங்கே யாருக்கும் எட்டவில்லை.

கடைசியாக, பிழைத்து வந்தவரிடமே நேராகச் சொல்கிறேன். எந்த டாக்டரிடம், எந்த வியாதிக்குப் போனாலும் "எனக்கு முன்னாடி கிட்னி அடிபட்டிருக்கு" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பல் டாக்டரிடமும் சொல்லுங்கள், சாய மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்கும் இடத்திலும் சொல்லுங்கள். வலிக்குக் கடையில் செட்டு மாத்திரை வாங்காதீர்கள். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள், ஒவ்வொருவருக்கும் அளவு வேறு. டிஸ்சார்ஜ் ஆகி மூன்று மாதம் தாண்டிவிட்டதா? திங்கட்கிழமை காலையில் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மங்கலம்பேட்டை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ விருத்தாசலம் அரசு ஆஸ்பத்திரிக்கோ போய், கிரியேட்டினின், மூத்திரப் புரதம், பிரஷர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். சந்தேகம் என்றால் அங்கிருந்து சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ, ஜிப்மருக்கோ எழுதிக் கொடுப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை இந்த மூன்றையும் திரும்பப் பாருங்கள்.